முள்கம்பியும் ஊடைதான்: சிகானெக்ஸ் நூல் கலை பற்றி என் மாணவிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை தையல் வகுப்பில் ஒரு நாள் காஜா தையலைப் பாதியில் நிறுத்திவிட்டு, கலிஃபோர்னியாவில் நெய்த ஒரு துணியின் படத்தைக் காட்டினேன். மஞ்சள் துணி. உள்ளே நூலோடு நூலாக, ஊடையாக, அதாவது குறுக்கு இழையாக, முள்கம்பி ஓடுகிறது. அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை, கேள்விகள்தான் நடந்தன. அதற்குப் பிறகும் வாட்ஸப்பில் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

சிகானெக்ஸ் என்றால் யார்?

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர். ஆண் என்றால் சிகானோ, பெண் என்றால் சிகானா. இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்ல அண்மைக் காலத்தில் வந்த சொல் சிகானெக்ஸ். 'மெஷிகானோ' என்ற பழைய உச்சரிப்பின் தலை தேய்ந்து 'சிகானோ' ஆனது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

ஒரு காலத்தில் அது ஏளனப் பெயர். 1960களில் உரிமைப் போராட்டத்தில் இறங்கிய இளைஞர்கள் அந்தப் பெயரையே எடுத்துப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் எல்லா மெக்சிகோ வம்சாவளியினரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்பவருக்கு ஓர் அரசியல் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் பிழைப்புத் தேடி வந்தவர்கள்தானே?

பலர் அப்படி வந்தவர்கள். எல்லாரும் அல்ல. 1848இல் அமெரிக்க-மெக்சிகோப் போர் முடிந்து குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றைய கலிஃபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனா, நியூ மெக்சிகோவின் பெரும்பகுதி எல்லாம் அமெரிக்கா வசம் போயின. டெக்சஸ் அதற்கு முன்பே போய்விட்டது. அந்த மண்ணில் இருந்த குடும்பங்கள் ஓர் அடிகூட நகரவில்லை. ஒரே நாளில் வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று ஊர்வலங்களில் முழங்குவது இதைத்தான்.

சரி, அதைச் சொல்ல நூல் எதற்கு? சுவரில் வரையலாமே?

வரைந்தார்கள். சிகானோ கலை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவதே சுவரோவியமும் அச்சுப் போஸ்டரும்தான். ஊசியும் தறியும் வீட்டுக்குள் இருந்தன. பாட்டி பின்னிய மேசை விரிப்பையும் அம்மா ஒட்டுப்போட்ட போர்வையையும் 'கலை' என்று அழைக்க கண்காட்சிக்காரர்களுக்கு வெகுநாள் மனம் வரவில்லை. இது எங்கும் உள்ள கதை, விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் துணி அந்தப் போராட்டத்தில் முதலிலிருந்தே இருந்தது. கலிஃபோர்னியாவின் டெலேனோவில் 1965இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பினோத் தொழிலாளர்கள். சேசர் சாவேஸும் டொலோரெஸ் உவெர்த்தாவும் வழிநடத்திய மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு நடைபயணம் போனபோது, சிவப்புத் துணியில் கறுப்புக் கழுகு பொறித்த சங்கக் கொடிகளும் குவாதலூப்பே மாதாவின் பதாகையும் கூடவே போயின.

அந்த மாதா படமே ஒரு துணிக் கதைதான். 1531இல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி தந்தாள், அவர் போர்த்தியிருந்த கற்றாழை நார் மேலாடையில் அவள் உருவம் பதிந்தது என்பது ஐதீகம். மெக்சிகோவில் அதிகம் வணங்கப்படும் படம் ஓர் ஏழையின் மேல்துண்டில்தான் இருக்கிறது. நூலெடுத்த சிகானாக்கள் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை.

முள்கம்பியைத் தறியில் போட்டால் தறி கெட்டுவிடாதா, டீச்சர்?

கேட்டவர் நெசவாளர் வீட்டுப் பெண், அதனால்தான் இந்தக் கேள்வி. கெடும். அச்சில் கீறல் விழும், விழுது அறும். எனவே கம்பியை ஒருவரும் நூல் மாதிரி நாடாவில், அதாவது ஊடை எறியும் ஓடத்தில், சுற்றி எறிவதில்லை. கையால் ஒவ்வோர் ஊடையாகப் படுக்க வைத்து, ஓரத்தில் மடக்கிவிட்டு, மெதுவாகத் தட்ட வேண்டும். உலோகம் தறிக்குப் புதிது என்றும் நினைக்க வேண்டாம். நம் பட்டில் ஓடும் ஜரிகை என்ன? வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி நூலில் சுற்றியதுதானே. அது மினுக்க வந்த உலோகம், இது கிழிக்க வந்த உலோகம்.

நான் காட்டிய துணியை நெய்தவர் கொன்சுவேலோ ஹிமெனெஸ் அண்டர்வுட். 1949இல் சாக்ரமென்டோவில் பிறந்தவர். அம்மா சிகானா, அப்பா மெக்சிகோவின் ஹுயிச்சோல் பழங்குடி வழியில் வந்தவர். குடும்பமே அறுவடைக்கு அறுவடை ஊர் மாறும் கூலிக் குடும்பம். சிறுமியாக வயலில் இறங்கி வேலை செய்தவர், பிற்பாடு சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பல ஆண்டுகள் நெசவுக் கலை கற்பித்தார்.

அவருடைய துணிகளில் பட்டும் இருக்கும், பிளாஸ்டிக் பட்டையும் இருக்கும். எனக்குப் பிடித்தது ஊக்கு. துண்டு துண்டான துணிகளை ஊக்கு குத்தி இணைத்திருப்பார். தையல்காரி கண்ணுக்கு அது வேலை முடியாத துணி. நாம் தைப்பதற்கு முன் ஊக்கு குத்துவோம், தைத்ததும் கழற்றிவிடுவோம். அவர் கழற்றவில்லை. இந்தக் கலைஞர்கள் பலரிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: இணைப்பை மறைப்பதில்லை. நான் உங்களிடம் 'தையல் தெரியக் கூடாது' என்று வாரா வாரம் கத்துகிறேன். இவர்கள் தையல் தெரியட்டும் என்கிறார்கள்.

அந்த மஞ்சள் துணியில் ஓடுகிற மூன்று பேர் யார்?

சான் டியாகோ பக்கம் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருந்தது. மாடு கடக்கும், பள்ளிப் பிள்ளைகள் கடப்பார்கள் என்று பலகை வைப்பார்களே, அந்த மாதிரி. இதில் கறுப்பு நிழலுருவமாக ஓர் அப்பா, ஓர் அம்மா, அம்மா கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் ஒரு சிறுமி. சிறுமியின் பின்னல் காற்றில் பறக்கிறது. மேலே 'எச்சரிக்கை' என்ற சொல். எல்லை தாண்டி வந்தவர்கள் சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு இறந்தார்கள். ஓட்டுநர்களை உஷார்ப்படுத்த 1990 வாக்கில் வைத்தது. வரைந்தவர் ஜான் ஹூட், நவஹோ பழங்குடியினர், வியட்நாம் போரில் இருந்துவிட்டு கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர். கடைசிப் பலகை 2018இல் போய்விட்டது.

அண்டர்வுட் அந்தக் குடும்பத்தை விடவே இல்லை. 2004இல் நெய்த 'ஓடு, ஜேன், ஓடு!' என்ற மஞ்சள் துணிதான் நீங்கள் பார்த்தது. ஜேன் என்பது அமெரிக்கப் பிள்ளைகள் ஒரு காலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த பாடப்புத்தகச் சிறுமி. அவள் விளையாட ஓடுவாள். இவள் வேறு எதற்கோ ஓடுகிறாள்.

அதற்குப் பத்தாண்டு முன்பு, 1994இல் செய்த 'சாலைகளின் கன்னி' என்ற போர்வை இன்னும் அமைதியானது. இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் பூத்தையலில் குவாதலூப்பே மாதா, ஆனால் எலும்புக்கூடாக. சுற்றிலும் வெளிர் துணி வெறுமையாகத் தெரியும். கிட்டே போனால்தான் தெரியும், அது வெறுமை இல்லை: வெள்ளையில் வெள்ளை நூலால் அதே ஓடும் குடும்பம். பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் தெரிகிற ஆட்கள். அந்தத் தையலைப் பிரதி எடுக்க முயன்றேன். வெள்ளையில் வெள்ளை போடும்போது தைப்பவளுக்கே கோடு தொலைந்துபோகிறது. துணியைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் அடுத்த குத்து எங்கே என்று புலப்படும்.

முடிச்சுப் போடுவதெல்லாம் கலையா?

தான்யா அகின்யிகா என்ற கலைஞரைப் பற்றித்தான் இது. 1978இல் சான் டியாகோவில் பிறந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் தீஹுவானாவில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். தினமும் விடியுமுன் எழுந்து எல்லை தாண்டிப் படித்து, சாயங்காலம் எல்லை தாண்டி வீடு திரும்பினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 14 ஆண்டு.

அவர் 2016இல் ஆம்போஸ் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'இரண்டும்' என்று பொருள். சான் இசித்ரோ எல்லைக் கடவில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் கார்களுக்கும் நடந்து கடப்பவர்களுக்கும் நடுவே அவருடைய ஆட்கள் போனார்கள். கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் இரண்டு இழைகள். கூடவே ஒரு கேள்வி: இந்த எல்லையைக் கடக்கும்போது என்ன நினைக்கிறீர்கள்? பதிலை எழுதலாம், இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட வேண்டும். ஓர் இழை இந்த நாடு, இன்னொன்று அந்த நாடு. அல்லது ஒன்று நான், மற்றது நீ. முடிச்சுகளை ஒன்றோடொன்று கட்டி நீண்ட சரங்களாகத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பெயர் 'எல்லைக் கிப்பு'. பிறகு எல்லையின் மற்ற ஊர்களுக்கும் இந்த வேலையைக் கொண்டுபோனார்கள்.

கிப்பு என்பது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் இன்கா ஆட்சி கயிற்றில் முடிச்சிட்டு வரி, ஆள் கணக்கு வைத்த முறை. மெக்சிகோவுக்குச் சொந்தமில்லை, கடன் வாங்கியதுதான். ஆனால் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. அரசாங்கம் ஆளை எண்ணும் இடத்தில், எண்ணப்படுகிறவர் கையாலேயே ஒரு கணக்கு.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: தனி முடிச்சு கலையா என்று கேட்டால் இல்லை. ஆயிரக்கணக்கில் தொங்கும்போது, ஒன்றுகூட மற்றொன்று மாதிரி இல்லை என்பது கண்ணில் படும்போது, ஆம்.

எல்லைக் காவலர் சீருடையில் கள்ளிச்செடி செய்தவர் யார்?

மார்கரிட்டா கப்ரேரா. 1973இல் மெக்சிகோவின் மோன்தெரேயில் பிறந்து டெக்சஸில் வாழ்பவர். குடியேறிகளை வட்டமாக உட்காரவைத்து, எல்லைக் காவலர்கள் உடுத்தும் பச்சைச் சீருடைத் துணியை வெட்டிப் பாலைவனச் செடிகளாகத் தைக்கச் சொன்னார். மேலே அவரவர் எல்லை கடந்த கதையைப் பூத்தையலாகப் போட்டார்கள். செடியை மண் தொட்டியில் நட்டு வைத்திருப்பார்கள். கிட்டே பார்த்தால் சப்பாத்திக்கள்ளி மடலில் சட்டைப் பை அப்படியே இருக்கும், பொத்தான் இருக்கும். துரத்தியவரின் சட்டையை ஓடியவரின் கை தைக்கிறது. விளக்க உரையே தேவையில்லாத அபூர்வ வேலைகளில் ஒன்று.

ரெபோசோ என்கிறார்களே, அது துப்பட்டாவா?

பார்க்க அப்படித்தான். நீளமான சால்வை, இரு முனையிலும் விரலால் முடிச்சுப் பின்னிய குஞ்சம். நல்ல ரெபோசோவுக்கு நெய்வதற்கு முன்பே பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, இடையிடையே இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள்; கட்டிய இடம் வெள்ளையாக நின்று, நெய்யும்போது விளிம்பு கலங்கிய புள்ளிகளாக வரும். சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தின் சாந்தா மரியா தெல் ரியோ இதற்குப் பெயர்போன ஊர். பட்டு ரெபோசோவை மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டுவார்கள்.

பிள்ளையைத் தூளி கட்ட, சுமை தூக்க, வெயிலுக்கு முக்காடு போட, கடைசியில் பிணத்துக்குப் போர்த்த என்று ஒரே துணி. சிகானாக் கலைஞர்கள் இதை விடாமல் கையில் எடுப்பது இதனால்தான். ஒருத்தியின் ரெபோசோ அவளுடைய வாழ்நாள் முழுதையும் தொட்டிருக்கும்.

துணியால் காயம் ஆறும் என்கிறார்கள். நிஜமா?

இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, மரபு வைத்தியம். மெக்சிகோவில் மருத்துவச்சிகள் நிறைமாதக்காரியின் இடுப்பைச் சுற்றி ரெபோசோவைக் கொடுத்து மெல்ல ஆட்டிவிடுவார்கள்; தசை தளரும். பிரசவத்துக்குப் பின் தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு பகுதியாகத் துணியால் சுற்றி இறுக்கி, 'மூடுதல்' என்ற சடங்கு செய்வார்கள். பிள்ளை பெற்றதில் திறந்துகொண்ட உடம்பையும் மனதையும் திரும்ப மூடுவதாக நம்பிக்கை. அஸ்தெக்குகள் பேசிய நாவாட் மொழி மக்களின் பழைய தெய்வமான த்லாசொல்தெயோத்ல் அழுக்கைத் தின்று மனிதரைச் சுத்தமாக்குபவள், மருத்துவச்சிகளின் தாய். அவள் தலையில் நூற்காத பஞ்சும் தக்ளியும் செருகியிருக்கும். பஞ்சுக்கும் ஆற்றுதலுக்கும் அங்கே உறவு பழையது.

இன்னொன்று, இன்றைய கண்காட்சிகளில் ஒட்டியிருக்கும் 'ஆற்றுதல்' என்ற சீட்டு. இதில் எனக்குக் கொஞ்சம் சலிப்பு உண்டு. எதற்கெடுத்தாலும் அந்தச் சொல். ஸ்பானிய மொழி பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய தலைமுறை, 1930களில் ரயிலேற்றி மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கக் குடிமக்கள், மறந்துபோன பாட்டி மொழி: இதெல்லாம் ஓர் ஊசி வேலையில் ஆறிவிடாது. கலைஞர்களும் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. டெக்சஸ் எல்லையில் பிறந்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிலைக்கு 'நெபாந்த்லா' என்ற நாவாட் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நிற்பது வலி, ஆனால் அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் தெரியும். முள்கம்பியைத் துணியிலிருந்து உருவிப் போடாமல் ஊடையாகவே நெய்துவிடுவது அந்த நிலைக்கு நெருக்கமானது. காயம் துணியில் இருக்கிறது, துணியும் கிழியாமல் இருக்கிறது.

கூட்டமாக உட்கார்ந்து தைக்கும்போது வாய் திறக்கும் என்பது மட்டும் சத்தியம். கண் துணியில் இருப்பதால் எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நம் வகுப்பிலேயே யார் யார் என்னென்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முன்னோர் என்று சொல்கிறார்களே, எந்த முன்னோர்?

இங்கேதான் சண்டை. 1969இல் டென்வரில் கூடிய சிகானோ இளைஞர்கள், அஸ்தெக்குகளின் பூர்வீக நாடான அஸ்த்லான் இன்றைய அமெரிக்கத் தென்மேற்குதான் என்று முழங்கினார்கள். அதிலிருந்து அஸ்தெக் சின்னங்கள் எங்கும் வந்தன. ஆனால் மெக்சிகோவில் பழங்குடி மக்கள் ஒரே கூட்டம் இல்லை. சாப்பொதெக், மிஸ்தெக், ஓத்தோமி, ஹுயிச்சோல் என்று எத்தனையோ பேர், ஒவ்வொருவருக்கும் தனி நெசவு. வாஹாக்கா மாநிலத்திலிருந்து வந்து கலிஃபோர்னியா வயல்களில் வேலை செய்யும் பழங்குடியினர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள், இன்றும் தறி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வடிவத்தை 'என் பாட்டன் சொத்து' என்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஒருவர் எடுத்தால், கேட்க வேண்டிய ஆள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். இந்த விமர்சனம் நியாயம் என்றே நினைக்கிறேன். பறிபோன மரபைத் தேடுகிறவர் இன்னொருவர் மரபை எடுத்துவிடக் கூடாது.

மெக்சிகோத் துணிகளில் வரும் அந்த அடர் சிவப்பு எந்தச் சாயம்?

கோச்சினீல். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் சிறு பூச்சி. பெண் பூச்சியைக் காயவைத்துப் பொடித்தால் ரத்தச் சிவப்பு. எலுமிச்சை சேர்த்தால் ஆரஞ்சுக்குப் போகும், காரம் சேர்த்தால் ஊதாவுக்கு. ஸ்பானியர் காலத்தில் மெக்சிகோவிலிருந்து வெள்ளிக்கு அடுத்தபடி பணம் கொண்டுவந்த சரக்கு இது.

இதில் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பெனி மருத்துவர், ஸ்பானியர் ரகசியத்தை உடைக்கச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். ஆனால் 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது மட்டமான காட்டு வகைப் பூச்சி. சாயம் தேறவில்லை. பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்பாடு அதையே கள்ளியை ஒழிக்கத் தென்னிந்தியாவில் ஏவிவிட்டார்கள்.

சிவப்புக் கைக்குட்டைக்கும் நமக்கும் தொடர்பு உண்டாமே?

மெக்சிகோக்காரர்கள் வயலில் கழுத்தில் கட்டுகிற, சிகானோ இளைஞர் நெற்றியில் கட்டுகிற அந்தக் கைக்குட்டைக்குப் பெயர் 'பாலியகாத்தே'. பழவேற்காடு என்ற ஊர்ப்பெயர்தான் அப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. அங்கிருந்து கப்பலேறிய சாயத்துணிகள் உலகெங்கும் போயின. நாவாட் மொழியில் 'மூக்கு' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. நான் நம் ஊர்க் கட்சி, நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

எங்கே நேரில் பார்க்கலாம்?

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு: வாஷிங்டனில் ஸ்மித்சோனியன், சிகாகோவில் தேசிய மெக்சிகோக் கலை அருங்காட்சியகம், கலிஃபோர்னியா ரிவர்சைடில் 2022இல் திறந்த சிகானோ கலை மையம். நூல் வேலைகளை வெளிச்சத்துக்குப் பயந்து அடிக்கடி உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

நானும் கம்பி வைத்து நெய்து பார்க்கலாமா?

பாருங்கள். முள்கம்பி வேண்டாம், மெல்லிய செம்புக் கம்பி போதும். நல்ல அச்சில் ஏற்றாதீர்கள். பழைய படச்சட்டத்தில் ஆணி அடித்துப் பாவு போட்டுக்கொள்ளுங்கள். நாலு ஊடை பருத்தி, ஓர் ஊடை கம்பி. ஓரத்தில் கம்பியை வெட்டாமல் வளைத்துத் திருப்புங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். குவாதலூப்பே மாதாவையோ ஓடும் குடும்பத்தையோ அப்படியே போட வேண்டாம். அது அவர்கள் கதை. உங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு துணி இருக்கும், அதிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாருங்கள்.

காஜா தையல் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கும் ஊசி கொண்டு வாருங்கள்.